டீக்கடைப் பெட்டி பேசுகிறது. ஆற்றங்கரை ஸ்பீக்கர் பேசுமா?

வெள்ள எச்சரிக்கையின் கடைசிக் கண்ணியில் இருப்பது ஒரு சின்ன சிப்பும், அதை இயக்கும் மென்பொருளும். அதை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

குமராட்சி கடைவீதியில் காலை ஆறு மணி. டீ குடித்த ஒருவர் செல்போனில் பணம் அனுப்புகிறார். கல்லாப்பெட்டி பக்கத்தில் இருக்கும் கையடக்கப் பெட்டி, “15 ரூபாய் பெறப்பட்டது” என்கிறது. அந்தச் சத்தம் வந்தால்தான் கணக்கு முடிந்தது. வரவில்லை என்றால் கடைக்காரர் விடமாட்டார்.

“அண்ணே, சத்தம் வரலையே?”

“அனுப்பிட்டேன் தம்பி. இதோ பாரு, டிக் விழுந்துடுச்சி.”

“டிக் இருக்கட்டும்ணே, பொட்டி சொல்லலையே.”

தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடையிலும் தினமும் கேட்கும் பேச்சுதான் இது. ஆனால், வெள்ள எச்சரிக்கை பற்றிக் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதற்குள்ளேயே இருக்கிறது. ‘அனுப்பியாச்சு’ என்பது வேறு, ‘கேட்டுச்சு’ என்பது வேறு. 15 ரூபாய்க்கு இந்த வித்தியாசத்தைப் பார்க்கும் நாம், உயிர் சம்பந்தப்பட்ட அறிவிப்புக்கு அதைப் பார்ப்பதில்லை.

குமராட்சிக்கு ஏன் இது முக்கியம்?

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோவிலுக்கும் இடையே உள்ளது குமராட்சி. ஒரு பக்கம் கொள்ளிடம், இன்னொரு பக்கம் வீராணம் ஏரி. மேட்டூரில் திறக்கும் உபரி நீர் முக்கொம்பு, அணைக்கரை வழியாக இந்தப் பகுதியைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். வீராணம் நிரம்பினால் அதன் உபரி நீர் வெள்ளியங்கால் ஓடை வழியாக வயல்களைச் சூழும். 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதங்களில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது சிதம்பரம் அருகே திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் ஆகிய ஆற்றோரக் கிராமங்களைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. மக்கள் படகில்தான் வெளியே வந்தார்கள்.

மேட்டூர் தண்ணீர் என்றால் வந்து சேர ஓரிரு நாளாவது அவகாசம் இருக்கும். பக்கத்து ஏரியின் உபரி நீருக்கும் இரவில் கொட்டும் மழைக்கும் அந்த அவகாசம் கிடையாது. அப்போது ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்.

கடலூர் மாவட்டம் இதை அனுபவத்தில் கண்டிருக்கிறது. ஃபெஞ்சல் புயலுக்குப் பின், 2024 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலை, திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து சுமார் 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் தென்பெண்ணையில் வெளியேற்றப்பட்டது. கடலூர் வரை கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. முன்கூட்டியே சொல்லவில்லை என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. படிப்படியாக எச்சரிக்கை விடுத்த பிறகே திறந்தோம் என்று அரசு பதில் சொன்னது. அந்த அரசியல் சண்டையில் யார் சரி என்பது இங்கே விஷயம் அல்ல. ‘விடுத்தோம்’ என்பதற்கும் ‘எங்களுக்குக் கேக்கல’ என்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. எச்சரிக்கைகள் விழுந்து காணாமல் போகிற இடம் அதுதான்.

செல்போன் இருக்கிறதே, போதாதா?

இந்தக் கேள்வி நியாயமானது. சி-டாட் நிறுவனம் உருவாக்கிய ‘சாசெட்’ அமைப்பின் மூலம் ஒரு பகுதியில் இருக்கும் செல்போன்களுக்கு எச்சரிக்கை அனுப்ப முடிகிறது. போன் திடீரென அலறி, திரையில் செய்தி வருவதைப் பலரும் சோதனை அறிவிப்பின்போது பார்த்திருப்பார்கள். நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை.

ஆனால், செல்போன் எச்சரிக்கைக்கு டவர் உயிரோடு இருக்க வேண்டும், போனில் சார்ஜ் இருக்க வேண்டும், போன் அணைக்கப்படாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட ஒரு ராத்திரியில் எழுபது வயதுப் பாட்டியை எழுப்புவது குறுஞ்செய்தி அல்ல. ஊர் நடுவே கேட்கும் குரல்தான்.

அந்தக் குரலுக்கு முன்பு தண்டோரா இருந்தது. பறை அடித்து அறிவிக்கும் வேலையை ஒரு சமூகத்தின் மேல் சுமத்திய அந்த வழக்கம் இனி வேண்டாம் என்று 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்பதே மாற்று வழி. சரியான முடிவு. ஆனால், தண்ணீர் சூழ்ந்த ஊருக்குள் ஆட்டோ போகாது. அதனால்தான் கம்பத்தில் நிற்கும், தானாகப் பேசும் ஒலிபெருக்கிகள் தேவைப்படுகின்றன. ஒடிசா 2018-இல் தன் 6 கடலோர மாவட்டங்களில் 122 இடங்களில் இத்தகைய எச்சரிக்கைக் கோபுரங்களை நிறுவியது. ஆற்றோர ஊர்களுக்கும் இதே தேவை உண்டு.

அது என்ன ‘கோடெக்’, யார் அந்த ‘டிரைவர்’?

இத்தகைய கம்பத்தின் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பவை கிட்டத்தட்ட டீக்கடைப் பெட்டியில் இருப்பவைதான். ஒரு சிம், ஒரு பிராசஸர், ஒரு பேட்டரி, ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர். டீக்கடையில் உள்ளங்கை அகல ஸ்பீக்கர், கம்பத்தில் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர். கூடவே ஒரு சோலார் பலகை. இவற்றுக்கு நடுவே இருக்கும் சின்ன சிப்தான் ஆடியோ கோடெக்.

பிராசஸருக்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. “வெள்ளம் வருது, மேட்டுக்குப் போங்க” என்ற குரல் அதற்குள் வினாடிக்கு 48,000 எண்களாகவோ, தொலைபேசித் தரம் என்றால் 8,000 எண்களாகவோ கிடக்கிறது. ஸ்பீக்கருக்கு எண் தெரியாது. ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான் தெரியும். எண்ணை மின்னலையாக மாற்றுவது கோடெக். மைக்கில் வரும் மின்னலையை எண்ணாக மாற்றுவதும் அதுவே.

‘டிரைவர்’ என்றதும் பஸ் ஓட்டுபவர் நினைவுக்கு வரலாம். வேலை அப்படிப்பட்டதுதான். கோடெக் சிப்புக்குள் பத்துக்கணக்கில் ரெஜிஸ்டர்கள் இருக்கும். ஒலியின் அளவு, எந்த வழியாக ஒலி போக வேண்டும், எந்தப் பகுதிக்கு மின்சாரம், வினாடிக்கு எத்தனை எண் என எல்லாமே அந்த சுவிட்சுகளில்தான். அவற்றைச் சரியான வரிசையில், சரியான நேரத்தில் போடும் மென்பொருள்தான் டிரைவர். இதற்கு இரண்டு பாதைகள் உண்டு. ‘ஐ2சி’ என்ற மெதுவான பாதையில் கட்டளைகள் போகும். ‘ஐ2எஸ்’ என்ற வேகமான பாதையில் ஒலியின் எண்கள் போகும். கட்டளை ஒரு பாதை, குரல் ஒரு பாதை. சிக்கல் ஆரம்பிப்பதும் இங்கேதான்.

‘அனுப்பியாச்சு’ என்று பொய் சொல்லும் பெட்டி

ஒலியின் எண்களைப் பிராசஸர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. ‘டிஎம்ஏ’ என்ற தனி ஏற்பாடு, நினைவகத்திலிருந்து மூட்டை மூட்டையாக அள்ளி ஐ2எஸ் பாதையில் கொட்டிக்கொண்டே இருக்கும். கடைசி மூட்டையும் போனதும், “முடிந்தது” என்று மேலே சொல்லும். மென்பொருளைப் பொறுத்தவரை செய்தி ஒலிபரப்பாகிவிட்டது. பதிவேட்டில் ‘வெற்றி’ என்று எழுதி, மாவட்டத் தலைமையகத் திரைக்குப் பச்சை விளக்கும் அனுப்பிவிடும்.

ஆனால், கோடெக்குக்குள் ஒரு சுவிட்ச் ‘மியூட்’டில் இருந்தால்? ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் இணைப்பு துருப்பிடித்திருந்தால்? ஸ்பீக்கர் ஒயரை எலி கடித்திருந்தால்? டிஎம்ஏவுக்கு அதெல்லாம் தெரியாது. எண்களை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும்வரை அது கொட்டிக்கொண்டே இருக்கும். ஊரில் சத்தமே இல்லை. பதிவேட்டில் ஒலிபரப்பு வெற்றி. டீக்கடையில் “டிக் விழுந்துடுச்சி” என்று போனைக் காட்டுகிற அதே கதை.

டீக்கடைப் பெட்டியில் இந்தக் கோளாறு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அது ஒரு நாளைக்கு நூறு தடவை பேசுகிறது. ஒரு தடவை பேசாவிட்டாலும் கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். அவர்தான் அந்தக் கருவியின் சம்பளம் வாங்காத பரிசோதகர். ஆற்றங்கரைக் கம்பம் வருஷத்துக்கு ஒரு தடவை பேசினால் அதிகம். அது ஊமையாகிப் போனது, பேச வேண்டிய அந்த ஒரு நாளில்தான் தெரியவரும்.

ஆகவே, அபூர்வமாகப் பேசும் கருவிக்கு அன்றாடம் பேசும் கருவியைவிட நல்ல டிரைவர் வேண்டும். கருவி வாங்கும்போது நடப்பதோ தலைகீழ். ஸ்பீக்கர் எத்தனை வாட், கம்பம் எத்தனை அடி, பேட்டரி எத்தனை மணி நேரம் என்றெல்லாம் கேட்பார்கள். கண்ணில் படாத டிரைவரைப் பற்றிக் கேட்கத் தோன்றாது.

‘வேண்டாம்’ காணாமல் போனால்?

சத்தம் வந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. டிரைவர் கோளாறுகள் பல வேஷத்தில் வரும்.

முதலாவது, கடிகாரக் கோளாறு. கோடெக்குக்குத் துல்லியமான துடிப்பு ஒன்று வேண்டும். வினாடிக்கு 48,000 எண் என்றால் பெரும்பாலும் 12.288 மெகாஹெர்ட்ஸ், சிடி தரமான 44,100 என்றால் 11.2896 மெகாஹெர்ட்ஸ். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போனால் குரல் சுமார் 9 சதவீதம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். 8,000-இல் பதிவான குரலை 16,000 என்று நினைத்து ஓட்டினால், பத்து வினாடிச் செய்தி ஐந்து வினாடியில் கீச்சுக் குரலில் ஓடிவிடும். காற்றும் மழையும் இரைகிற ராத்திரியில் அது யாருக்குப் புரியும்?

இரண்டாவது, மின்சாரச் சிக்கனம். சோலாரில் ஓடும் கருவி சும்மா இருக்கும்போது தூங்க வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பேட்டரி நாலு நாள்கூடத் தாங்காது. செய்தி வந்ததும் கோடெக்கை எழுப்ப வேண்டும். அதன் உள்மின்னழுத்தம் நிலைக்குச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் ஆம்ப்ளிஃபயரைத் திறந்தால் ‘டப்’ என்று வெடிச் சத்தம் வரும். மெதுவாகத் திறந்தாலோ செய்தியின் முதல் சொல் விழுங்கப்படும். அந்த முதல் சொல் ஊரின் பெயராக இருந்தால், எந்த ஊருக்கு எச்சரிக்கை என்பதே தெரியாமல் போகும்.

மூன்றாவதுதான் தமிழுக்கு மிகவும் ஆபத்தானது. செய்தி முடியும் நேரத்தில், கடைசி அரை வினாடி அளவுக்கான ஒலி இன்னும் இடைக்கிடங்கில் காத்திருக்கும். அது வடிந்து தீரும்வரை பொறுத்திருந்து மூட வேண்டும். டிரைவரோ அதை இயக்கும் நிரலோ அவசரப்பட்டு மூடினால் கடைசிச் சொல் போய்விடும். ஆங்கிலத்தில் ‘டோன்ட்’ என்பது தொடக்கத்திலேயே வந்துவிடும். தமிழில் வினைமுற்றும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில். “பாலத்து வழியா போக வேண்டாம்” என்பதில் கடைசி அரை வினாடியை வெட்டினால் மிஞ்சுவது “பாலத்து வழியா போக”. காதில் பாதி விழுந்தவர் பாலத்துக்குத்தான் ஓடுவார்.

வேறு நாட்டில், வேறு மொழிக்குச் சோதித்த கருவியில் இந்தக் கோளாறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. தமிழில் சோதித்தால் முதல் நாளே பட்டுவிடும். தீர்வும் எளிது: முழுதும் வடியும்வரை காத்திருக்கச் செய்வது, ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் ஒரு வினாடி மௌனம் சேர்ப்பது, செய்தியை இரண்டு முறை சொல்வது. அந்த மொழி பேசும் ஒருவர் அந்த மென்பொருளைத் தொட வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே சிப்புக்கு நான்கு டிரைவர்

‘அந்தந்த நிறுவனமே டிரைவர் எழுதிவிடுமே’ என்று கேட்கலாம். எழுதும். அதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இயங்கிய வுல்ஃப்சன் நிறுவனத்தின் ‘டபிள்யூஎம்8731’ ஒரு காலத்தில் பல கருவிகளில் புழங்கிய கோடெக். சிப் ஒன்றுதான். ஆனால், நான்கு வகைப் பிராசஸர்களுக்காக லினக்ஸில் அதற்கு நான்கு தனித்தனி டிரைவர்கள் இருந்தன. ஒன்றில் திருத்திய பிழை மற்ற மூன்றுக்கும் போய்ச் சேராது. இந்த வீண் உழைப்பை நிறுத்த உருவானதுதான் ‘ஆசாக்’ என்ற கட்டமைப்பு. 2007-இல் லினக்ஸ் 2.6.21 பதிப்பில் இது சேர்ந்தது.

இதன் யோசனை எளிமையானது: வேலையை மூன்றாகப் பிரி. கோடெக்கின் டிரைவர் கோடெக்கைப் பற்றி மட்டும் பேசட்டும். பிராசஸர் பக்கத்து டிரைவர் டிஎம்ஏ, ஐ2எஸ் வேலையை மட்டும் பார்க்கட்டும். ‘இந்தப் பலகையில் எது எதோடு சேர்கிறது, ஆம்ப்ளிஃபயர் எந்தக் காலில் இருக்கிறது’ என்பதை மூன்றாவதாக ஒரு சின்ன டிரைவர் சொல்லட்டும். ஒலி போகும் பாதையில் உள்ள பகுதிகளுக்கு மட்டும் தானாக மின்சாரம் கொடுத்து மற்றதை அணைத்துவைக்கும் வசதியும் இதிலேயே உண்டு. முதல் இரண்டும் உலகத்தில் எங்கோ ஒருவர் எழுதி, பல பேர் சோதித்துப் பொதுவில் இருக்கும். உள்ளூர்ப் பொறியாளருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அந்த மூன்றாவது, சின்ன வேலைதான்.

இன்றும் ஒரு கருவிக்காரர் தன் சொந்த டிரைவரைப் பூட்டிவைத்துக் கொடுத்தால், நாம் 2007-க்கு முந்தைய காலத்துக்கே திரும்பிவிடுகிறோம். உத்தரவாதக் காலம் முடிந்து, நிறுவனம் வேறு மாடலுக்குப் போனபின், கம்பம் மட்டும் கொள்ளிடக் கரையில் நின்றுகொண்டிருக்கும். அதன் வாயைத் திறக்கும் சாவி யாரிடமும் இருக்காது.

அரசு என்ன கேட்க வேண்டும்?

இனி கிராமங்களுக்கு வாங்கும் எந்தப் பேசும் கருவிக்கும் நான்கு நிபந்தனைகள் போதும்.

ஒன்று, தான் பேசியதைத் தானே கேட்க வேண்டும். கோடெக்கில் ஒலியை எண்ணாக்கும் பகுதியும் பெரும்பாலும் கூடவே இருக்கும். ஸ்பீக்கர் அருகே ஒரு சின்ன மைக் வைத்து, தினமும் குறைந்த சத்தத்தில் ஒரு ‘பீப்’ ஒலிக்கச் செய்து, அதே சமயம் மைக் வழியாகப் பதிந்து, அந்த ஒலி திரும்பி வந்ததா என்று பார்த்தால் போதும். ஸ்பீக்கருக்குள் போகும் மின்னோட்டத்தை அளந்து சொல்லும் ஆம்ப்ளிஃபயர் சிப்களும் சந்தையில் கிடைக்கின்றன. தலைமையகத் திரையில் பச்சை விளக்கு எரிய வேண்டியது ‘எண்களை அனுப்பினேன்’ என்பதற்கு அல்ல, ‘சத்தம் கேட்டது’ என்பதற்கு. இதற்கு ஆகும் கூடுதல் பொருட்செலவு அந்தக் கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்கும் செலவைத் தாண்டாது.

இரண்டு, மூல நிரல் கையில் வேண்டும். லினக்ஸ் கெர்னல் வெளியாகும் ஜிபிஎல் உரிமத்தின்படி, அதைத் திருத்திக் கருவியில் போட்டு விற்பவர், வாங்கியவர் கேட்டால் மூல நிரலைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். இது சலுகை அல்ல, உரிமை. அரசுத் துறைகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்ற கொள்கையை மத்திய அரசு 2015-இலேயே அறிவித்துவிட்டது. டெண்டர் ஆவணத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். பொதுவில் டிரைவர் இருக்கும் கோடெக்கையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இன்னொரு வரி.

மூன்று, தமிழில், மழையில் சோதிக்க வேண்டும். முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் முழுசாகக் கேட்கிறதா என்று ஊர்க்காரர்களை நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். குளிரூட்டிய அறையில் ஆங்கிலத்தில் ‘டெஸ்டிங், டெஸ்டிங்’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கும் வேலை ஆகாது.

நான்கு, தினமும் பேச வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

நல்லவாடு சொன்ன பாடம்

2004 டிசம்பர் 26. சுனாமியில் கடலூர் மாவட்டம் அறுநூறுக்கும் மேற்பட்டோரை இழந்தது. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவ கிராமத்தில் வேறு கதை. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து கடல் பொங்குவதைச் சொல்ல, ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே காலி செய்து உயிர் தப்பியது.

அந்த ஒலிபெருக்கி பேரிடருக்கென்று வாங்கிப் பூட்டிவைத்தது அல்ல. அலை எவ்வளவு உயரம் என்பது போன்ற அன்றாடச் செய்திகளை மீனவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று. அது வேலை செய்கிறதா என்று ஊருக்கே தெரியும். அதன் குரலும் ஊருக்குப் பழக்கம். அதனால்தான் அன்றைக்கு அது பேசியது; பேசியதை ஊர் நம்பியது.

குமராட்சிக் கம்பமும் அப்படிப் பேசலாம். மாலை ஆறு மணிக்கு வீராணத்தின் நீர்மட்டம், கொள்ளிடத்தில் எத்தனை கனஅடி, நாளைக்கு நெல் கொள்முதல் நிலையம் உண்டா, எந்தப் பக்கம் கரண்ட் கட். விவசாயிக்கு இதெல்லாம் வேண்டிய சேதி. ஒருநாள் சத்தம் வரவில்லை என்றால், “என்னப்பா, இன்னிக்கி ஸ்பீக்கரு பேசலையே?” என்று டீக்கடையில் நாலு பேர் கேட்பார்கள். கம்பத்துக்கும் சம்பளம் வாங்காத பரிசோதகர்கள் கிடைத்துவிடுவார்கள்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. மென்பொருளே இல்லாத, பட்டனை அழுத்தினால் ஊளையிடும் பழைய சைரன் போதாதா? கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? நியாயம்தான். அந்த சைரனும் கம்பத்தில் இருக்கட்டும், மாற்று ஏற்பாடாக. ஆனால், சைரன் எழுப்பும். எங்கே போக வேண்டும் என்று சொல்லாது. நாலு பக்கமும் தண்ணீர் வரக்கூடிய ஊரில், எந்தப் பக்கம் ஓடக்கூடாது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதற்குக் குரல் வேண்டும்.

யார் செய்வது?

சென்னை ஐஐடி ‘சக்தி’ பிராசஸரை உருவாக்கியிருக்கிறது. சி-டாக் ‘வேகா’வை உருவாக்கியிருக்கிறது. உள்நாட்டுச் சிப் என்று பெருமைப்படுகிறோம், படலாம். ஆனால், எந்தப் பிராசஸரும் பேச வேண்டும் என்றால் யாராவது உட்கார்ந்து கோடெக் டிரைவரைப் பொருத்தியாக வேண்டும். பேப்பரில் படம் வராத, ரிப்பன் வெட்ட முடியாத வேலை அது. ஆயிரம் பக்கம் புரட்டி, ஒரு ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை மாற்றி, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்கும் வேலை.

அதற்கு ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. குமராட்சியிலிருந்து பஸ் ஏறினால் சிதம்பரம். அங்கே 1929 முதல் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பொறியியல் புலத்தோடு இருக்கிறது. மாவட்டத்தில் பாலிடெக்னிக்குகளும் ஐடிஐகளும் இருக்கின்றன. ‘எம்பெடெட்’ புராஜெக்ட் என்றால் பல மாணவர்களுக்கு எல்இடி எரியவைப்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அதற்குப் பதில், ஆண்டுக்கு ஒரு மாணவர் குழு, ஒரு கோடெக், ஒரு கிராமம் என்று எடுத்துக்கொண்டால் என்ன? பலகை மலிவு. நிரல் பொதுவில் இருக்கிறது. சோதனைக்கு ஆறும் மழையும் பக்கத்திலேயே இருக்கின்றன. எழுதிய டிரைவரைப் பொதுக் கெர்னலுக்கே அனுப்பலாம். உலகம் முழுக்க உள்ளவர்கள் குறை சொல்லித் திருத்துவார்கள். அந்த மாணவருக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம். நாளை கம்பம் ஊமையானால் பார்க்க வருபவரும் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார்.

மழைக்காலம் ஒவ்வொரு வருஷமும் வருகிறது. அதற்கு முன் நடக்கும் ஆய்வுக் கூட்டங்களில் படகு எத்தனை, மணல் மூட்டை எத்தனை, முகாம் எத்தனை என்று கணக்குக் கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் டீக்கடைக்காரர் தினமும் கேட்கும் கேள்வியையும் சேர்க்கலாம். அனுப்பினீர்களா என்று அல்ல, “சத்தம் வந்துச்சா?” என்று.